மூன்றாவது நாடா

அறுபது வயதை நெருங்குகிற மனிதனுக்குக் கைத்தொழில் கற்றுக்கொள்ளும் ஆசை வந்தால், வீட்டார் அதை ஒரு வியாதியாகவே கருதுகிறார்கள். "பட்டு நெய்யப் போகிறேன்" என்று நான் சொன்னபோது, "முதலில் உங்கள் சட்டைப் பித்தானைத் தைத்துக் கொள்ளுங்கள்" என்றாள் என் மனைவி. நியாயமான யோசனைதான். ஆனாலும் மறுநாள் விடியற்காலையில் ஒரகடத்தில் பஸ் ஏறி, வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தேன்.

வழியெல்லாம் எதிரே வந்தவை கம்பெனி பஸ்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் இன்னொரு பெரிய கார்த் தொழிற்சாலையைத் திறந்தார்கள். உதிரி பாகம் செய்கிற கம்பெனிகள் சுற்றிலும் முளைத்தன. அந்த பஸ்களின் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் இளைஞர்களில் சிலராவது நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் விட்டு வந்த இடத்தைத் தேடி நான் போய்க் கொண்டிருந்தேன்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு பெரியவர் ஐந்து நாள் எனக்குத் தொழில் காட்டச் சம்மதித்திருந்தார். பணம் எதுவும் வேண்டாமாம். "கூட உட்கார ஓர் ஆள் கிடைத்தால் போதும், சார்" என்றார். அதன் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை.

காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது சாயம் தோய்க்கிறவரின் சாமர்த்தியம் மட்டுமல்ல. உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு ஒவ்வொன்று, ஆக மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. ஒவ்வோர் ஊடையிலும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். அதுதான் கோர்வை. மூன்று நாடாக்களை ஒருவர் கையால் சமாளிக்க முடியாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு கரையைக் கவனிக்க வேண்டும். அந்த இன்னொருவர் பதவியில்தான் நான் நியமனம் பெற்றிருந்தேன்!

முதல் நாள் நூலை இறுக்கிப் பிடித்தேன்; கரை சுருங்கியது. தளர்த்திப் பிடித்தேன்; நூல் தொங்கியது. நாலு விரற்கடை நெய்து, மூன்று விரற்கடையைப் பிரித்தோம். பெரியவர் முகம் சுளிக்கவில்லை. "கண்ணால் பார்க்காதீர்கள் சார், விரலால் பாருங்கள்" என்றார்.

மூன்றாம் நாள் விரலுக்குக் கொஞ்சம் பார்வை வந்தது. உடனே எனக்கு வாயும் வந்துவிட்டது. ஹவாய்த் தீவுக் கதையைச் சொன்னேன். அங்கே நம் மல்பெரிக்கு உறவான ஒரு மரத்தின் பட்டையை அடித்து அடித்து 'கபா' என்ற துணி செய்து வந்தார்கள். அந்நியத் துணி வந்து இறங்கியபின், பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்தக் கலை அற்றுப் போயிற்று. 1970-களில் சிலர் அதைத் திரும்பக் கற்க முயன்றார்கள். பரம்பரையாகச் சொல்லித்தர ஆள் இல்லை. மியூஸியத்தில் இருந்த பழைய துண்டுகளையும் கருவிகளையும் பார்த்து, தாங்களே அடித்துப் பார்த்துக் கற்றார்கள். இன்று அங்கே பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன.

பெரியவர் மிதியை நிறுத்தாமலே கேட்டார்: "அந்தக் காலத்தில் அதைச் செய்தவர்கள் சாப்பாட்டுக்கு என்ன செய்தார்களாம்?"

நான் சொன்ன கதையில் அதற்குப் பதில் இல்லை.

ஐந்தாம் நாள் காலை அவருடைய மகன் இரவு ஷிப்ட் முடித்து, கம்பெனி உடுப்போடு வந்தான். என் கரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கொஞ்சம் நகருங்கள் சார்" என்று உட்கார்ந்தான். அடடா! தூக்கம் நிறைந்த கண், தூங்காத கை! நாடா போவதும் வருவதும் தெரியவில்லை. கரை மட்டும் வளர்ந்தது.

"இந்தக் கையை வைத்துக்கொண்டு இதை விட்டுப் போனாயே, தம்பி" என்று சொல்லிவிட்டேன்.

தறி நின்றது.

"அவனைக் கேட்காதீர்கள், சார். அனுப்பியது நான்" என்றார் பெரியவர். "எட்டு வயதில் நான் இந்த இடத்தில் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தின் மணிச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்கும். இவனைப் பள்ளிக்கூட நேரத்தில் ஒரு நாளும் உட்கார வைத்ததில்லை. சாயங்காலம் கற்றதுதான் இவ்வளவும். எனக்குச் சேலை முடிந்தால் கூலி. இவனுக்கு மாதம் பிறந்தால் சம்பளம். தொழில் அழியக் கூடாது என்று எனக்கும் ஆசைதான். அதற்கு என் பிள்ளையைத்தானா பலி கேட்பது?"

மகன் தலை குனிந்தபடி, "லீவு நாளில் வந்து உட்காருகிறேனே, அப்பா" என்றான். தறி மறுபடி ஓடியது.

2005-06-ல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காவல் கிடைத்தது நல்லதுதான். அந்தப் பக்கத்து இடத்தில் உட்காருகிறவருக்கும் மாதம் பிறந்தால் சம்பளம் என்று ஏற்பட்டால், நான் பேசிய பேச்சைப் பேச வேறு யாருக்கும் அவசியம் இராது.

அன்றிரவு ஊசியும் நூலும் கேட்டு வாங்கிப் பித்தானைத் தைத்தேன். மனைவி பார்த்துவிட்டு, "ரொம்ப இறுக்கிவிட்டீர்கள்" என்றாள். பிரித்துவிட்டுத் திரும்பத் தைத்தேன்.