ஊர்ப்பெயர் சுமந்த குழு

கியூபாவின் மத்தான்சாஸ் நகரில் 1924 ஆம் ஆண்டு தோன்றிய நடன இசைக்குழு சொனோரா மத்தான்செரா. மூன்றாண்டுகளில் அது ஹவானாவுக்குக் குடிபெயர்ந்தது. ஊர்ப்பெயரை மட்டும் துறக்கவில்லை. கிற்றார், பியானோ, தாளக் கருவிகளுக்கு மேலாக இரு எக்காளங்கள் இணைந்தெழும் ஒலியே பிற்காலத்தில் அதன் முத்திரையாயிற்று. 1950 இல் சீலியா குரூஸ் பாட வந்தபோது, முன்னைய பாடகி மிர்ற்றா சில்வாவின் குரலில் ஊறிய வானொலி நேயர்கள் சினந்து கடிதம் எழுதினர். குழுத்தலைவர் றொகேலியோ மார்ட்டினெஸ் அசையவில்லை. தலைமைக்கு இதனினும் வேறு இலக்கணம் வேண்டுமோ? ஈற்றில் அக்குரலே குழுவின் புகழாயிற்று.

பிடல் காஸ்ரோவின் புரட்சி வென்ற மறு ஆண்டு, 1960 யூலையில், நிகழ்ச்சிகளுக்காக மெக்சிக்கோ சென்ற குழு நாடு திரும்பவில்லை. 1962 இல் தாய் இறந்தபோது, இறுதிக் கிரியைக்கு வரவும் சீலியாவுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே குழுவின் எக்காளக் கலைஞர் பெட்ரோ நைற்றை அவர் மணந்தார். குழுவோ பின்னர் நியூயோர்க்கைத் தளமாகக் கொண்டு, மூன்றே ஆண்டுகள் வாழ்ந்த ஊரின் பெயரால் பல்லாண்டுகள் வாசித்தது.