மஞ்சு இறங்கும் கோடு

ஆடி மாதத்தில் போடிநாயக்கனூர் பக்கம் போயிருக்கிறீர்களா? ஏலக்காய்க்கு ஏலம் நடக்கும் ஊர். அங்கிருந்து தேவாரம் ரோட்டில் வந்து சிலமலையில் இறங்கி, மேற்கே திரும்பி நில்லுங்கள். மலை உச்சியில் யாரோ பஞ்சு மூட்டையைப் பிரித்துக் கொட்டியதுபோல மேகம் வழியும். வழிந்து, பாதி மலைகூட இறங்காமல் காணாமல் போய்விடும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் கொட்டோ கொட்டென்று கொட்டும். இங்கே உங்கள் தலைக்கு மேல் சுள்ளென்று வெயில், கண்ணில் புழுதி. அதிர்ஷ்டமிருந்தால் நாலு துளி சாரல். இந்த ஊருக்கான மழை ஐப்பசியில்தான்.

போன ஆடியில் கேமராவோடு அங்கே நாலு நாள் இருந்தேன். (வீட்டில் 'மேகத்தைப் படம் எடுக்கவா லீவு?' என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.) நீங்களும் முயன்றால் ஒரு யோசனை: மலையைப் பார்த்து வெளிச்சத்தை அளந்தால் மேகம் வெளுத்துப்போகும். மேகத்தையே அளவாக வையுங்கள். ஒரே இடத்தில் நின்று பத்து நிமிடத்துக்கு ஒன்று எடுங்கள்.

அப்படி எடுத்ததை வரிசையாகப் பார்த்தபோதுதான் அந்த வேடிக்கை புரிந்தது. மேகம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் கீழ் ஓரம் மட்டும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கிறது. மலை தாண்டி இறங்கும் காற்று அழுத்தம் கூடி சூடாகிறது. துளிகள் ஆவியாகின்றன. அதன்பிறகு 100 மீட்டர் இறங்கினால் சுமார் 1 டிகிரி சூடு ஏறும். பள்ளிக்கூடத்தில் 'மழை மறைவுப் பிரதேசம்' என்று மனப்பாடம் செய்தது இதைத்தான். மேகங்களுக்கு லத்தீனில் பெயர் வைத்தவர் லூக் ஹோவர்ட் என்ற லண்டன் மருந்து வியாபாரி, 1802-ல். சிலமலையில் ஒரே பெயர்தான்: மஞ்சு.

மூன்றாம் நாள் டீக்கடையில் ஒரு அம்மா, கேமராவை எட்டிப் பார்த்தார். விடியுமுன் ஜீப்பில் மெட்டு ஏறி, ஏலத் தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு சாயங்காலம் திரும்புகிறவர். நான் பெருமையாக என் சிறந்த படத்தைக் காட்டினேன். மேகம் முக்கால் மலைக்கு இறங்கிய படம்.

"இது நேத்து எடுத்ததா தம்பி?"

"ஆமாம்மா."

"நேத்து அங்கிட்டு ஒரே மழை. காய் எடுக்க முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டாக. கூலி போச்சு."

எனக்கு டீ இறங்கவில்லை. "அப்போ மழையே இல்லாட்டி நல்லதா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"நல்லாக் கேட்டீக. ரெண்டாயிரத்து இருபத்துநாலு கோடையில செடியெல்லாம் கருகிக் கெடந்துச்சு. அப்பவும்தான் வேலை இல்ல."

நாளைக்கு எப்படி என்று கேட்டார், ஏதோ கேமராவுக்குத் தெரியும் என்பதுபோல. எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது. "மஞ்சு உச்சியோட நின்னா வேலை இருக்கு. கீழ எறங்க எறங்க அங்கிட்டு ஊத்துதுன்னு அர்த்தம்."

நான் ஒரு மணி நேரம் நின்று கண்டுபிடித்த கோடு!

கடைசி நாள் விடிவதற்குமுன் எழுந்து வந்தேன். ரோட்டோரம் தூக்குச்சட்டியோடு பத்துப் பன்னிரண்டு பேர். மலை கறுப்பாகத் தெரிந்தது, உச்சியில் மட்டும் ஒரு வெள்ளைப் பட்டை. ஜீப் வந்தது. நெருக்கி ஏறிக்கொண்டார்கள். அந்த அம்மா, "இன்னிக்கு நிக்குது பாத்தீகளா?" என்று மலையைக் காட்டிவிட்டுப் போனார்.

ஜீப் போனபிறகுதான் கேமராவை வெளியே எடுத்தேன். படம் சுமார்தான்.