குடும்பிமலையும் வாப்பாவின் தண்ணிக் குழியும்

பதிவு கொஞ்சம் நீளம். குடும்பிமலைக்குப் போய் வந்த நாளிலிருந்து கடைத்தெருவிலும் பள்ளிவாசல் வாசலிலும் ஒரே கேள்விதான். எவ்வளவு நேரம் எடுக்கும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா, செருப்போட ஏறலாமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறோம், எங்கட பிழையையும் சேர்த்து.

நாங்கள் மாங்கேணிப் பக்கம் படிப்பிக்கிற ஐந்து பேர். மூன்று பேர் முஸ்லிம்கள், இரண்டு பேர் தமிழர். காலையும் பின்னேரமும் ஒரே வானில் போய் வருகிறவர்கள். எங்கட பக்கத்தில் மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் மணல். ஐந்து பேரும் வாழ்நாளில் ஒழுங்காக ஏறிய ஏற்றம் பனிச்சங்கேணிப் பாலம்தான்.

இந்தப் பயணம் எங்கட வாப்பாவால் வந்தது. அவருக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. இளந்தாரியாக இருந்தபோது மூத்தவாப்பாவின் மாட்டுப் பட்டியோடு திரிந்தவர். மாரிப் போகம் விதைத்துவிட்டால் வயல் பக்கம் மாடு நிற்க முடியாது. பட்டியை மேற்கே சாய்த்துக்கொண்டு போய், அறுவடை முடியும் வரை மேய்ச்சல் தரையிலேயே கிடக்க வேண்டும். மழை பிழைத்த சில வருடங்களில் கச்சான் காலத்திலும் அங்கேயே இருந்திருக்கிறார்களாம். அப்படி இருந்த காலத்தில் பட்டிக்காரருக்கு அடையாளம் இந்த மலைதான். தலைக் குடும்பி மாதிரி நிற்பதால் குடும்பிமலை. சிங்களத்தில் தொப்பிகல. வெள்ளைக்காரனும் தொப்பி என்றுதான் கண்டிருக்கிறான், பாரன்ஸ் கேப் என்று வரைபடத்தில் போட்டான். உயரம் 534 மீற்றர். மலைநாட்டுக்காரருக்கு அது ஒரு மேடு. சுற்றிவரத் தரையாகக் கிடக்கிற எங்களுக்கு மலை.

1990க்குப் பிறகு வாப்பா அந்தப் பக்கம் போகவேயில்லை. மாடுகளும் திரும்பி வரவில்லை. அந்தக் கதையை இங்கே நீட்ட விருப்பமில்லை. நம்ம ஊர்களில் வீட்டுக்கு வீடு அப்படி ஒன்று இருக்கிறது, இரண்டு பக்கத்திலும். 2007 ஜூலை 11ஆம் திகதி இராணுவம் அந்த மலையைப் பிடித்தபோது தொலைக்காட்சியில் நாள் முழுக்க அதன் பெயர்தான். வாப்பா படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னது ஒன்றே ஒன்று: “மேப்பக்கத்தக் காட்டுறானுகளே இல்ல.”

மேற்குப் பக்கத்தில் என்ன என்று அப்போது யாரும் கேட்கவில்லை. போன நோன்புக்குள்தான் தானாகச் சொன்னார். “மலையில மேப்பக்கமா ஒரு குழி இரிக்கி மனே. கச்சானுக்கும் வத்தாது. நாங்க அதுலதான் தண்ணி குடிச்ச. அது இன்னும் இரிக்கா எண்டு ஆராச்சும் பாத்தா நல்லம்.”

வானில் அடுத்த நாள் இந்தக் கதை போனது. ஆகஸ்ட் விடுமுறையில் போவோம் என்று முடிவானது. அது கச்சான் உச்சம் என்பதை யோசிக்காமல் எடுத்த முடிவு. மற்ற விடுமுறைகளில் ஆளுக்கொரு கலியாணம் இருந்தது, அதுதான் உண்மை.

விஞ்ஞான சேர் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பற்றிக் கொஞ்சம் வாசித்து வைத்திருந்தார். அங்கே விளிம்பிலிருந்து ஆற்றுக்கு இறங்க கிட்டத்தட்ட 1,500 மீற்றர் ஆழம். ஒரே நாளில் ஆற்றுக்குப் போய்த் திரும்ப வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது, அதுவும் கோடையில். இறங்கும்போது உடம்பு இலேசாக இருக்கும், திரும்ப ஏறும்போதுதான் வெயிலும் களைப்பும் ஒன்றாக வந்து பிடிக்கும். இதைக் கேட்டதும் எங்களுக்கு ஒரு நிம்மதி. நமக்கு ஏற்றம் முதலில், இறக்கம் பிறகு. களைத்தால் கிறுகி இறங்கிவிடலாம். அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருந்ததைப் பிறகுதான் கண்டோம்.

ஆறு கிழமை தயாரானோம். பாடசாலை விட்டதும் வானைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, முதுகுப் பையில் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிக்கொண்டு பனிச்சங்கேணிப் பாலத்தில் ஏறி இறங்குவோம். மீன் ஏற்றிப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, “சேர், வான் பழுதா?” என்று கேட்பார்கள். மாணவன் ஒருவன் சைக்கிளில் பின்னாலேயே வந்து எண்ணிவிட்டு, அடுத்த நாள் வகுப்பில் “சேர் பதினாலு தரம் ஏறின” என்று அறிவித்தான். சனிக்கிழமைகளில் கடற்கரை மணலில் நடந்தோம். மணலில் ஒரு மணித்தியாலம் நடந்தால் றோட்டில் இரண்டு மணித்தியாலம் நடந்த நோவு கெண்டைக்காலில் தெரியும்.

நேரத்தைக் கணக்கு டீச்சர் பொறுப்பெடுத்தா. ஸ்கொட்லாந்தில் நெய்ஸ்மித் என்று ஒருவர் 1892இல் சொல்லி வைத்த கணக்கு ஒன்று உண்டு. ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீற்றருக்கும் இன்னொரு மணித்தியாலம். வானை விட்டுவிட்டு, மாடு போன தரையில் நாங்களும் நடந்தே போவதென்று தீர்மானித்திருந்தோம். மலையடிக்கு ஐந்து கிலோமீற்றர், ஏறி இறங்க இரண்டு, திரும்ப ஐந்து. டீச்சரின் கணக்கில் மூன்று மணித்தியாலம் பத்து நிமிடம் வந்தது. உடனே அதை இரண்டால் பெருக்கினா. “இது ஸ்கொட்லாந்துக் குளிருக்கும் ஸ்கொட்லாந்து ஆம்பிளையளுக்கும் உள்ள கணக்கு. நமக்கு ரெட்டிப்பு.” அதிலிருந்துதான் எங்கட சட்டம் பிறந்தது. எங்கே நின்றாலும் சரி, உச்சியைக் கண்டாலும் காணாவிட்டாலும் சரி, காலை ஒன்பதரைக்குத் திரும்ப வேண்டும்.

தண்ணீர் ஆளுக்கு நாலரை லீற்றர். வாப்பாவின் குழியை நம்பி ஒரு போத்தலைக் குறைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றோம். ஜீவனிப் பக்கெட் ஆளுக்கு இரண்டு, ஈத்தம்பழம், உப்புப் போட்ட கச்சான் கொட்டை, றொட்டியும் கட்டச் சம்பலும். சப்பாத்து புதிதாக வாங்கியவர்கள் ஒரு மாதம் போட்டுப் பழக்கினோம். கால் நகத்தை முதல் நாள் ஒட்ட வெட்டச் சொன்னா டீச்சர். சிரித்தோம். இறங்கும்போது பெருவிரல் சப்பாத்தின் முனையில் இடித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

அன்று விடிய நாலே காலுக்கு வெளிக்கிட்டோம். ஓட்டமாவடியில் சுபஹ் தொழுதுவிட்டு, கிரானில் மேற்கே திரும்பி, புலிபாய்ந்தகல் தாண்டினோம். மாரியில் இந்தப் பாதை வெள்ளத்தில் மூழ்கித் தோணியில் சனம் போகிற இடம். அன்று சக்கரத்துக்குப் பின்னால் புழுதியைத் தவிர ஒன்றுமில்லை. தரவைப் பக்கத்தில் மாடு வளர்க்கிற அண்ணன் ஒருவர் எங்களோடு வர ஒத்துக்கொண்டிருந்தார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: நிலம் வெளிக்காமல் ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. யானைப் பயம். ஆறரைக்கு நடக்கத் தொடங்கினோம். பாதையில் கிடந்த இலத்தியைக் காலால் புரட்டிப் பார்த்து, “இது ராவுச் சாமத்துல போனது, பயமில்ல” என்றார். பயமில்லை என்று சொன்னதற்குப் பிறகுதான் எங்களுக்குப் பயம் வந்தது.

மலையடியில் இராணுவத்திடம் பெயர் பதிந்துவிட்டு ஏறினோம். முதல் பாதி காடு. நிழல் இருக்கும், காற்று இருக்காது. பிறகு பாறை. எங்கட உடற்கல்வி சேர், ஊர் அணிக்கு உதைபந்து விளையாடியவர், எல்லோருக்கும் முன்னால் ஓடி ஓடி ஏறி, மேலே நின்று கையைத் தட்டுவார். டீச்சர் ஒரே வேகத்தில், வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டு, நிற்காமல் வந்தா. பாறையில் கை வைத்து ஏறவேண்டிய இடங்களில் பனிச்சங்கேணிப் பாலம் எந்த உதவிக்கும் வரவில்லை.

ஒன்பது பத்துக்கு உச்சி. கீழே மஞ்சள் தரை, அதற்குள் பச்சைத் திட்டுகள், புள்ளி புள்ளியாக மாடுகள். கிழக்கே கடைசியில் வெள்ளிக் கோடு ஒன்று மின்னியது. அது ஆறா, களப்பா, கடலா என்று ஐந்து பேருக்குள்ளும் வாக்குவாதம். அண்ணன் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. குந்தியிருந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏழாம் ஆண்டு இதுக்குள்ளால புள்ளயளத் தூக்கிக்கிட்டு ஓடின நாங்க” என்றார். எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஈத்தம்பழத்தை நீட்டினோம். எடுத்துக்கொண்டார்.

ஒன்பதரை ஆனது. குழியைக் காணவில்லை. இங்கேதான் எங்கட பிழை. டீச்சர் மணிக்கூட்டைக் காட்டினா. “இன்னும் அஞ்சு நிமிசம்” என்று நாங்கள் சொன்னோம், வாப்பாவின் மகன் என்ற உரிமையில். மற்றவர்களும் மறுக்கவில்லை, வாப்பாவின் பெயர் அப்படி. ஐந்து நிமிடம் இருபத்தைந்தானது. கடைசியில் மேற்குச் சரிவில், அண்ணன் தேனீக்கள் போய் வருவதைக் கவனித்து, “அங்கால தண்ணி இரிக்கி” என்றார். பாறை மடிப்பில் ஒரு பள்ளம், ஒரு பாய் விரிக்கிற அளவு. நடுவில் சாண் ஆழத்துக்குத் தண்ணீர், தேத்தண்ணி நிறத்தில். விளிம்பு நிறையத் தேனீ. ஆகஸ்ட் மாதத்தில், அந்தக் கச்சானில். வெறும் போத்தல் ஒன்றில் பாதி நிரப்பினோம். யாரும் குடிக்கவில்லை.

மலையடிக்கு வந்து சேர மணி பதினொன்று இருபது. நாங்கள் கவனிக்காமல் விட்ட ஓட்டை இதுதான். இறங்கினால் முடிந்தது என்று கால் நம்பிவிட்டது, இன்னும் ஐந்து கிலோமீற்றர் வெட்டைத் தரை கிடந்தது. மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றில் வியர்வை தோலிலேயே காய்ந்துவிடும். அதனால் எவ்வளவு இழக்கிறோம் என்று தெரியாது. பாதித் தூரத்தில் உடற்கல்வி சேர் உட்கார்ந்தார். இரண்டு கெண்டைக்காலும் கல் மாதிரி இறுகிவிட்டன, தலைச்சுற்று, ஓங்காளம். தண்ணீர் குடித்தவர்தான், நாலு லீற்றர் முடித்திருந்தார். ஜீவனி இரண்டும் பையில் பிரிக்காமல் கிடந்தன. வியர்வையோடு போன உப்பை வெறும் தண்ணீர் திருப்பித் தராது. மேலும் மேலும் வெறும் தண்ணீரே குடித்தால் இரத்தத்தில் உப்பு இன்னும் ஐதாகி ஆபத்தாகும். ஒன்பதாம் வகுப்புக்கு இதைப் படிப்பிக்கிற விஞ்ஞான சேர் பக்கத்திலேயே நடந்து வந்தவர். கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

மர நிழலில் கிடத்தி, சப்பாத்தைக் கழற்றி, ஈரத் துணியைக் கழுத்திலும் கமக்கட்டிலும் வைத்து, ஜீவனியைக் கரைத்து மிடறு மிடறாகக் கொடுத்தோம். அந்த நிழலிலேயே லுஹர் தொழுதோம். தமிழ் நண்பர்கள் இருவரும் சேருக்கு விசிறிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணித்தியாலம் போனபிறகுதான் “எழும்புவமா” என்று அவரே கேட்டார். அண்ணனின் தோளில் ஒரு கையும் எங்கட தோளில் ஒரு கையுமாக வானுக்கு வந்து சேர ஒன்று முப்பத்தைந்து. டீச்சரின் கணக்குப்படி பன்னிரண்டு ஐம்பதுக்கு வந்திருக்க வேண்டும். பிந்திய நேரத்தில் பாதிக்கு மேல் குழி தேடியதில் போனது. திரும்பும் வழியில் டீச்சர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் இலேசாக இருந்திருக்கும்.

பிள்ளைகளைக் கூட்டிப் போவதாக இருந்தால் மாரி வடிந்து, வெயில் ஏறாத மாசி, பங்குனியில் போங்கள். மலையடி வரை வாகனத்தில் போங்கள், எங்களைப் போல வீம்புக்கு நடக்க வேண்டாம். அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் கூட வரவேண்டும். திரும்பும் நேரத்தை வீட்டிலேயே எழுதி, அதை மாற்ற உரிமையில்லாத ஒருவரிடம் கொடுங்கள். ஜீவனி பையில் இருந்து பயனில்லை, மணித்தியாலத்துக்கு ஒருதரம் ஒருவர் நின்று குடிக்க வைக்க வேண்டும். செருப்பு வேண்டவே வேண்டாம்.

அசருக்குப் பிறகு வாப்பாவிடம் போத்தலைக் கொடுத்தோம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மூடியைத் திறந்து மணந்தார். படத்தையும் காட்டினோம். கைப்பேசியைக் கிட்டவும் எட்டவும் பிடித்து அதிக நேரம் பார்த்தார்.

“பக்கத்துல ஒரு ஆல் நிண்டுச்சா?”

இல்லை என்றோம்.

“வேராச்சும்?”

வேரும் இல்லை, வெறும் பாறை.

போத்தலை மூடி எங்கள் கையில் திருப்பித் தந்தார். “இது வேற குழி மனே. அது இன்னும் கீழ, ஆல் வேருக்குள்ள. நாங்க எல்லாரும் உள்ளுக்குப் பூந்துதான் குடிக்கிற.” கொஞ்சம் இருந்து, “அந்தப் பொடியனுக்கு இப்பக் கால் சுகமா?” என்று கேட்டார்.

உடற்கல்வி சேர் இப்போது நல்ல சுகம், அல்ஹம்துலில்லாஹ். பங்குனியில் திரும்பவும் போகிறோம். மணிக்கூடு டீச்சரிடம் இருக்கும்.