செசமி தெருவுக்கு யார் வாடகை கட்டுவது?

நியூயார்க் நகரத்தில் ஒரு தெரு. அங்கே எட்டடி உயரத்தில் ஒரு மஞ்சள் பறவை குடியிருக்கிறது. பக்கத்திலேயே ஒரு குப்பைத்தொட்டி. அதற்குள் பச்சை ரோமத்தோடு ஒரு ஆசாமி, எப்போதும் எரிந்து விழுந்துகொண்டே இருப்பான். பிஸ்கட்டைக் கண்டால் பாய்ந்து வருகிற நீல நிற ராட்சசன் ஒருவனும் உண்டு. உலகத்தில் பல கோடிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த தெரு இது. செசமி ஸ்ட்ரீட்!

இந்தத் தெருவை நடத்த நிறையப் பணம் வேண்டும். அந்தப் பணத்தை யார் கொடுப்பது என்ற கேள்விதான் 2015-லிருந்து திரும்பத் திரும்ப எழுந்துகொண்டே இருக்கிறது.

கதை 1966-ல் ஒரு விருந்தில் தொடங்கியது. தொலைக்காட்சித் தயாரிப்பாளரான ஜோன் கான்ஸ் கூனியின் வீட்டில் விருந்து. வந்திருந்தவர்களில் ஒருவர் கார்னகி அறக்கட்டளையைச் சேர்ந்த லாயிட் மோரிசெட். தன் சின்னப் பெண் காலையில் எழுந்து, நிகழ்ச்சி எதுவும் தொடங்குவதற்கு முன்பே தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் உட்கார்ந்து, திரையில் தெரியும் வெறும் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பதாக அவர் சொன்னார். பிள்ளைகளை இப்படிக் கட்டிப்போடும் பெட்டியால் அவர்களுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லித்தர முடியுமா? பள்ளியில் சேரும்போதே ஏழைப் பிள்ளைகள் பின்தங்கி நிற்கிறார்களே, அந்த இடைவெளியைக் குறைக்க முடியுமா? இரண்டு வருடத்தில் ஒரு நிறுவனம் உருவானது. அமெரிக்க அரசும் கார்னகி, ஃபோர்டு அறக்கட்டளைகளும் சேர்ந்து சுமார் 80 லட்சம் டாலர் கொடுத்தன. 1969 நவம்பர் 10 அன்று முதல் நிகழ்ச்சி ஒளிபரப்பானது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிள்ளைகள் விளம்பரப் பாட்டுகளைச் சட்டென்று மனப்பாடம் செய்துவிடுவதைக் கவனித்தவர்கள், அதே உத்தியை எழுத்துகளை விற்கப் பயன்படுத்தினார்கள். சோப்புக்கும் பற்பசைக்கும் பதிலாக எழுத்துக்கு விளம்பரம்! அன்றைய முதல் நிகழ்ச்சியை 'வழங்கியவர்கள்' டபிள்யூ, எஸ், ஈ என்ற மூன்று எழுத்துகளும் 2, 3 என்ற இரண்டு எண்களும். விளம்பரதாரரே இல்லாத நிகழ்ச்சி, விளம்பரதாரரைக் கேலி செய்தது.

எதையும் சோதித்துப் பார்க்காமல் அவர்கள் ஒளிபரப்பவில்லை. குழந்தைக்கு முன்னால் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி ஓடும். பக்கத்தில் இன்னொரு திரையில் படங்கள் மாறிக்கொண்டே இருக்கும். குழந்தை எப்போது கண்ணைத் திருப்புகிறது என்று ஒருவர் குறித்துக்கொள்வார். மனிதர்கள் மட்டும் பேசும் தெருக் காட்சிகளில் பிள்ளைகள் கவனம் சிதறியது. அதனால்தான் ஜிம் ஹென்சனின் பொம்மைகள் தெருவுக்கே வந்து குடியேறின. மஞ்சள் பறவை பிறந்தது அப்படித்தான்.

சரி, பலன் இருந்ததா? மெலிசா கியர்னி, பிலிப் லெவின் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஓர் அழகான வழியில் இதை ஆராய்ந்தார்கள். 1969-ல் சில ஊர்களில் இந்த நிகழ்ச்சி நல்ல அலைவரிசையில் தெளிவாகத் தெரிந்தது. சில ஊர்களில் யுஎச்எஃப் அலைவரிசையில் வந்ததால் பல வீடுகளில் சரியாகத் தெரியவில்லை. எந்த ஊரில் தெரியும் என்பது பெற்றோர் கையில் இல்லை. ஆகவே இரண்டு வகை ஊர்களையும் ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். தெளிவாகத் தெரிந்த ஊர்களின் பிள்ளைகள், வயதுக்கேற்ற வகுப்பில் பின்தங்காமல் படிப்பது அதிகமாக இருந்தது. ஆண் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் பலன் இன்னும் கூடுதல். ஒரு பிள்ளைக்கு ஆன செலவோ வருடத்துக்குச் சுமார் 5 டாலர்தான்.

பாடம் என்றால் எழுத்தும் எண்ணும் மட்டுமில்லை. தெருவின் கடைக்காரர் மிஸ்டர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்தார். அவர் ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். வேறு நடிகரைப் போட்டிருக்கலாம். அவர்கள் இரண்டையும் செய்யவில்லை. 1983 நவம்பரில் வந்த நிகழ்ச்சியில் மஞ்சள் பறவை எல்லோருக்கும் தான் வரைந்த படங்களைக் கொடுக்கிறது. ஹூப்பருக்கு வரைந்த படம் மட்டும் மிச்சம். இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்று பெரியவர்கள் கண்ணீரோடு சொல்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லலாம் என்ற நம்பிக்கை எல்லா நிகழ்ச்சிக்கும் வந்துவிடாது.

இனி பணத்துக்கு வருவோம். ஒளிபரப்பிய பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ் கொடுத்தது தயாரிப்புச் செலவில் ஒரு சிறு பங்குதான். பொம்மை, புத்தகம், டிவிடி விற்பனையும் உரிமத் தொகையும்தான் பெரும்பாரத்தைத் தாங்கின. கூச்சம் காட்டினால் சிரிக்கும் எல்மோ பொம்மைக்கு 1996-ல் கடைகளில் அடிதடியே நடந்தது. விற்கிற பொம்மை, விலையில்லாத பாடத்துக்குச் சோறு போட்டது. அருமையான ஏற்பாடு. ஆனால் இணையத்தில் படம் பார்க்கும் பழக்கம் வந்ததும் டிவிடியை யாரும் வாங்கவில்லை. கணக்கில் துண்டு விழுந்தது.

2015 ஆகஸ்டில் எச்பிஓவுடன் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. புதிய நிகழ்ச்சிகள் 2016 ஜனவரி முதல் கட்டணச் சேனலான எச்பிஓவில் முதலில் வரும். ஒன்பது மாதம் கழித்துத்தான் இலவசமாக பிபிஎஸ்ஸில் வரும். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. நான்கு வயதுப் பிள்ளைக்கு நிகழ்ச்சி புதிதா பழையதா என்று தெரியாது, ஒன்பது மாதத்தில் 'ஏ' என்ற எழுத்து மாறிவிடாது என்றார்கள் ஒரு சாரார். ஏழைப் பிள்ளைகளை முன்னால் கொண்டுவரப் பிறந்த நிகழ்ச்சி, அவர்களையே வரிசையில் பின்னால் நிறுத்தலாமா என்று கேட்டார்கள் மறு சாரார். காமர்ஸ் பாடத்தின்படி காசு கொடுப்பவர்தான் வாடிக்கையாளர். இங்கே பார்ப்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் வேறொருவர். சிக்கல் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

காசு கொடுத்தவருக்கும் ஒரு நாள் மனம் மாறியது. 2022-ல் எச்பிஓ மேக்ஸ் சுமார் 200 பழைய நிகழ்ச்சிகளைத் தன் பட்டியலிலிருந்து எடுத்தது. புதிய நிகழ்ச்சிகளுக்கான ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்ற செய்தி 2024 டிசம்பரில் வந்தது. 2025 மார்ச்சில் தயாரிப்பு நிறுவனத்தில் ஆட்குறைப்பு நடந்தது. மே மாதம் நெட்ஃபிளிக்ஸ் கைகொடுத்தது. 56-வது பருவம் 2025 நவம்பர் 10 அன்று, அதாவது தெரு பிறந்த அதே தேதியில், தொடங்கியது. நெட்ஃபிளிக்ஸில் வருகிற அதே நாளில் பிபிஎஸ்ஸிலும் வரும் என்பதுதான் இதில் நல்ல செய்தி. ஒன்பது மாதக் காத்திருப்பு ஒழிந்தது!

ஆனால் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் தரை ஆடியது. பொது ஒளிபரப்புக்காக ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரை அமெரிக்க நாடாளுமன்றம் 2025 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தப் பணத்தை நிலையங்களுக்குப் பகிர்ந்து கொடுத்துவந்த பொது ஒளிபரப்புக் கழகம் அடுத்த மாதமே மூடுவிழாவை அறிவித்தது. பெருநகர நிலையங்களுக்கு நன்கொடையாளர்கள் இருக்கிறார்கள், எப்படியாவது சமாளித்துவிடும். கிராமப்புறத்துச் சிறு நிலையங்கள் சிலவற்றுக்கோ வரவில் பாதிக்கு மேல் அந்தப் பணம்தான்.

2015-ல் இலவசச் சேனல் உறுதியாக இருந்தது, நிகழ்ச்சியிடம் பணம் இல்லை. இப்போது நிகழ்ச்சிக்குப் பணம் கிடைத்துவிட்டது, இலவசச் சேனல் தள்ளாடுகிறது. ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் ஒழுகும் கூரை மாதிரி. ஒரு சிற்றூரில் நிலையம் மூடிவிட்டால், அந்த வீட்டில் நெட்ஃபிளிக்ஸும் இல்லையென்றால், அந்தப் பிள்ளைக்கு இது மறுபடியும் 1969-ன் யுஎச்எஃப் கதைதான். தெரு இருக்கும், அங்கே போக வழி இருக்காது.

மஞ்சள் பறவைக்கு இன்னும் ஆறு வயதுதான். அதற்கு வயதாகாது, ஓய்வும் வேண்டாம். நெட்ஃபிளிக்ஸ் போனால் நாளை வேறொரு நிறுவனம் வரலாம். எனவே தெருவைப் பற்றிக் கவலை வேண்டாம். கவலையெல்லாம் கடைசி வீட்டுப் பிள்ளையைப் பற்றித்தான். அந்தத் தெருவைக் கட்டியதே அந்தப் பிள்ளைக்காகத்தானே?