சமையல்கட்டுக்கு வாழைக்குருத்துப் பச்சை: ஏன் என்று கேட்டவர்களுக்கு

 

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு பந்தி பரிமாறிக்கிட்டு இருந்தப்போ குறைஞ்சது பத்துப் பேர் எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டாங்க. "சமையல்கட்டு சுவருக்குக் கண்ணாடி போடப் போறீங்களாமே, அதுவும் பச்சைக் கலராமே, அம்மன் படம் போட்டா முழுச் செலவும் நான் ஏத்துக்கிறேன்னு ஒருத்தர் சொல்லியும் வேண்டாம்னுட்டீங்களாமே?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லி முடியல. அதனால சமையல்கட்டுத் தொண்டர்கள் நாங்க எல்லாரும் பேசி இங்கேயே எழுதுறோம். கொஞ்சம் நீளமா இருக்கும். உங்க உண்டியல் காசு, கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு.

முதல்ல ஏன் கண்ணாடி. இப்போ இருக்கிற வெள்ளை டைலுக்கு ஒன்னும் ஆகல, இன்னும் பளபளன்னுதான் இருக்கு. பிரச்சினை டைலுக்கும் டைலுக்கும் நடுவுல இருக்கிற சிமெண்டு இடுக்குதான். சாம்பார் கொதிக்கும்போது தெறிக்கிற மஞ்சளும் எண்ணெயும் அந்த இடுக்குல போய் உட்கார்ந்தா வெளியே வராது. தைப்பூசம் முடிஞ்சு மூனு நாள் நம்ம அக்காமார்கள் பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷை வச்சுக்கிட்டு அந்த இடுக்கைத் தேய்க்கிறதைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். சோப்பு போட்டதும் மஞ்சள் கறை சிவப்பா மாறும். புதுசா வந்த பிள்ளைங்க பயந்துடுவாங்க. ஆரத்தித் தண்ணியில மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா சிவக்குதே, அதே கதைதான். சோப்புக்கும் சுண்ணாம்பு மாதிரி கார குணம் உண்டு. அந்த இடுக்குல தங்குற எண்ணெய்க்குத்தான் கரப்பான் வருது. அன்னதானம் சமைக்கிற இடத்துல அது இருக்கக் கூடாது.

கண்ணாடின்னா எட்டு அடிக்கு ஒரு இணைப்புதான். ஈரத் துணியால ஒரு இழுப்பு இழுத்தா போதும்.

ஆனா எல்லா இடத்துக்கும் கண்ணாடி கிடையாது. இதை நல்லா கவனிங்க, உங்க வீட்டுக்கும் உதவும். பெரிய குவாலி வைக்கிற இரண்டு ஹை பிரஷர் அடுப்புக்குப் பின்னாடி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுதான் வரப்போகுது. டெம்பர் பண்ணின கண்ணாடி சூடு தாங்கும், உண்மை. ஆனா பின்னாடி அடிச்சிருக்கிற சாயம் அந்த அளவுக்குத் தாங்காது. அந்த அடுப்புல தீ குவாலியைத் தாண்டி மேலே வருவதை நாம தினமும் பார்க்கிறோம். கொஞ்ச நாள்ல சாயம் நிறம் மாறி உரிஞ்சுடும். அதனால கண்ணாடி, காய் வெட்டும் மேடைக்கும் சின்ன அடுப்பு வரிசைக்கும் கழுவும் தொட்டிக்கும் பின்னாடி மட்டும்.

டெம்பர்னா என்னன்னு ஒரு பெரியம்மா கேட்டாங்க. கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல சூடாக்கி, சட்டுன்னு காத்தடிச்சுக் குளிர வைப்பாங்க. சாதாரணக் கண்ணாடியை விட நாலைந்து மடங்கு பலம் வரும். உடைஞ்சாலும் கத்தி மாதிரி நீளத் துண்டா விழாம கல்கண்டு மாதிரி பொடிப்பொடியா விழும். ஒரே ஒரு விஷயம், டெம்பர் பண்ணின பிறகு அதுல ஓட்டை போடவோ வெட்டவோ முடியாது. முயற்சி பண்ணினா மொத்தமும் நொறுங்கிடும். இதை ஞாபகத்துல வையுங்க, கடைசியில ஒரு வேலை சொல்லப் போறோம்.

இப்போ கலர். நிர்வாகக் கூட்டத்துல இதுக்குத்தான் ஒன்றரை மணி நேரம் போச்சு. அம்மன் கோயில், அதனால சிவப்புதான்னு ஒரு கட்சி. மஞ்சள்தான் மங்களம்னு ஒரு கட்சி. சுத்தம்னா வெள்ளைன்னு செயலாளர். இளைஞர் பிரிவுப் பிள்ளைங்க கறுப்பு கேட்டாங்க, இப்போ புது வீட்டுல எல்லாம் அதுதானாம். தலைவர் ஐயா கண்ணை மூடி உட்கார்ந்துட்டார்.

எங்களில் பாதிப் பேர் தொழிற்சாலையில வேலை செய்றவங்க. புதுப் பொருள் வந்தா சாம்பிளைச் சோதிக்காம லைனுக்கு விடமாட்டோம். அதே மாதிரி இங்கேயும் செஞ்சோம். கடையில கலர் அட்டை காட்டுவாங்க, அதை நம்பக் கூடாது. அட்டையில பார்க்கிற கலர் வேற, கண்ணாடிக்குப் பின்னாடி அடிச்ச பிறகு வர்ற கலர் வேற. மேஜை மேல படுக்க வச்சுப் பார்ப்பது வேற, சுவர்ல நிமிர்த்திப் பார்ப்பது வேற. கடை விளக்கு வேற, நம்ம சமையல்கட்டு டியூப் லைட்டு வேற. ஆறு கலர்ல சின்னச் சின்னத் துண்டு வாங்கி, சின்ன அடுப்பு வரிசைக்குப் பின்னாடி டேப் போட்டு ஒட்டி, ஒரு வாரம் அப்படியே சமைச்சோம்.

சமைக்கிற அக்காமார்கள்தான் நீதிபதி. நாங்க குறிப்பு எடுத்தது மட்டும்தான்.

கறுப்பு முதல் நாளே அவுட். கோயிலுக்கு ஆகுமா ஆகாதாங்கிற பேச்சே தேவைப்படல. தண்ணி தெறிச்சுக் காய்ஞ்ச ஒவ்வொரு புள்ளியும் வெள்ளையா தெரிஞ்சது. அதோட கண்ணாடி மாதிரியே மேல இருக்கிற டியூப் லைட்டைத் திருப்பிக் காட்டுச்சு. கண்ணுல புரை எடுத்த ஒரு அக்கா, கூசுதுன்னு சொல்லி முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க.

சிவப்பு பார்க்க அழகு, மறுக்க முடியாது. ஆனா மிளகாய்த்தூள் தெறிச்சா தெரியல. மஞ்சள்ல மஞ்சள்தூள் தெரியல. இதைக் கேட்டதும் "கறை தெரியலன்னா நல்லதுதானே"ன்னு ஒரு அண்ணன் சொன்னார். சீனியர் அக்கா கரண்டியைக் கீழே வச்சுட்டு, "தெரியாத அழுக்கை எப்படி தம்பி துடைக்கிறது?"ன்னு கேட்டாங்க. எங்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். வீட்டுக்கு எப்படியோ, நூத்துக்கணக்கான பேருக்குச் சமைக்கிற இடத்துல அழுக்கை மறைக்கிற கலர் வேண்டாம்.

அப்போ வெள்ளை? சந்தனக் கலர்? அங்கேதான் செலவு இடிச்சது. சாதாரணக் கண்ணாடியில இரும்புச் சத்து கலந்திருக்கும், அதனால லேசா பச்சை ஓடும். கண்ணாடியோட விளிம்பைப் பாருங்க, புரியும். அதுக்குப் பின்னாடி வெள்ளை அடிச்சா வெள்ளையா தெரியாது, பச்சைத் தண்ணி கலந்த மாதிரி தெரியும். சந்தனம் இன்னும் மோசம், பழைய பாயாசம் கலர். சுத்தமான வெள்ளை வேணும்னா இரும்பு குறைஞ்ச கண்ணாடி தனியா இருக்கு, விலையும் கூட. அந்த வித்தியாசத்துல எத்தனை மூட்டை அரிசி வாங்கலாம்னு பொருளாளர் அங்கேயே கணக்குப் போட்டுட்டார்.

ஆறாவது துண்டுதான் இளம்பச்சை. கண்ணாடியில ஏற்கனவே இருக்கிற பச்சை இந்தக் கலரைக் கெடுக்கல, இன்னும் கொஞ்சம் குளிர்ச்சியாக்குச்சு. சாதாரணக் கண்ணாடியே போதும். சாம்பார், மிளகாய்த்தூள், மஞ்சள் எது தெறிச்சாலும் பளிச்சுன்னு தெரியுது. ஒரு தம்பி "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு"ன்னு சொன்னான். சீனியர் அக்கா "போடா, வாழைக்குருத்து மாதிரி இருக்கு"ன்னாங்க. பெயர் அப்பவே வச்சாச்சு. மதுரை மீனாட்சியும் பச்சைதானேன்னு குருக்கள் சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போனார்.

பளபளப்பா, மங்கலான ஃபினிஷா என்பதும் பேச்சுல வந்துச்சு. மங்கல் ஃபினிஷ்னா அமிலத்தால மேற்பரப்பை அரிச்சுச் செய்றது. டியூப் லைட்டு கூசாது, பார்க்கப் பட்டுத் துணி மாதிரி இருக்கும். ஆனா எண்ணெய்க் கை பட்ட தடம் அதுல கறுப்பா தெரியுது, இரண்டு மூனு தடவை சோப்பு போட்டாதான் போகுது. பளபளப்புல ஒரே துடைப்பு. இளம் கலர்ங்கிறதால பளபளப்பும் அவ்வளவா கூசல. அதனால பளபளப்புதான்.

இனி அம்மன் படம். இதை எழுதத்தான் யோசிச்சோம், ஆனா எழுதாம விட்டா வெளியே வேற மாதிரி பேச்சு போகும்.

அந்த அண்ணனோட அம்மா நம்ம சமையல்கட்டுல பல வருஷம் சேவை செஞ்சவங்க. இப்போ இல்லை. அவங்க நினைவா, அடுப்புக்குப் பின்னாடி இருக்கிற கண்ணாடி முழுக்க அன்னபூரணி படம் அச்சடிச்சுப் போடணும், செலவு முழுக்க நான்னு சொன்னார். கண்ணாடியில இப்போ எந்தப் படமும் அச்சடிக்கலாம், அழகாவும் வரும். காசியில சிவனுக்கே கரண்டி எடுத்து அன்னம் போட்ட தாய், சமையல்கட்டுல அவங்க இல்லாம வேற யார் இருக்கணும்? அவர் கேட்டதுல தப்பே இல்லை. எங்களில் பாதிப் பேர் சரின்னுதான் இருந்தோம்.

அவரே ஆசையா ஒரு சாம்பிள் செஞ்சு கொண்டு வந்தார், ஒரு அடிக்கு ஒரு அடி. அதையும் மற்ற துண்டுகளோட ஒட்டினோம். மறுநாள் பருப்பு பொங்கி அம்மன் முகத்துல தெறிச்சது. துடைக்க வேண்டிய அக்கா ஸ்பாஞ்சைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னாங்க. "அடுப்பு துடைச்ச ஸ்பாஞ்சு இது. இதை வச்சு அம்மா முகத்தை எப்படித் தேய்க்கிறது?"ன்னு கேட்டாங்க. பிறகு புதுத் துணி எடுத்து, தண்ணி தெளிச்சு, கன்னத்துல போட்டுக்கிட்டுத் துடைச்சாங்க. ஒரு அடி படத்துக்கு ஐந்து நிமிஷம். எட்டு அடிப் படத்துக்கு, தினமும், பந்திக்கு ஆள் காத்திருக்கும்போது?

இன்னொன்னும் இருக்கு. டெம்பர் கண்ணாடி பலமானதுதான், ஆனா அதோட விளிம்புல பாத்திரம் இடிச்சா போச்சு. எப்பவாவது யாரும் தொடாமலே உடைவதும் உண்டு. கண்ணாடி உருக்கும்போது உள்ளே மாட்டிக்கிற நிக்கல் சல்பைடுத் துகள் அதுக்குக் காரணம். பச்சைக் கண்ணாடி உடைஞ்சா கூட்டி அள்ளிப் போட்டுட்டு வேற வாங்கலாம். அம்மன் ஆயிரம் துண்டா தரையில கிடந்தா யார் துடைப்பம் எடுக்கிறது? இதைக் குருக்களிடம் கேட்டோம். அவர் ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "அந்த நிலைமையை நாமளே வரவழைக்க வேண்டாம்"ன்னார்.

அண்ணனிடம் நாங்க மூனு பேர் வீட்டுக்கே போய்ச் சொன்னோம். வருத்தப்பட்டார். "எங்கம்மா நின்ன இடம் அது"ன்னார். அதுக்கு எங்ககிட்ட பதில் இல்லை. அரிசி அறை வாசலுக்கு மேல, தினமும் அடுப்பு பத்த வைக்கிறதுக்கு முன்னாடி விளக்கு ஏத்துற இடத்துல, சட்டம் போட்ட அன்னபூரணி படத்தை வைக்கலாம், அவர் கையாலேயே வைக்கட்டும்னு கேட்டிருக்கோம். யோசிச்சுச் சொல்றேன்னார். இன்னும் சொல்லல. பணத்தைப் பத்தி நாங்க கேட்கவும் இல்லை, கேட்கப் போறதும் இல்லை. கண்ணாடிச் செலவுக்கு நிர்வாகம் கணக்குப் பலகையில தொகையை ஒட்டியிருக்கு, அன்னதான நிதியிலிருந்து போகும். அவரைப் பார்த்தா தயவு செஞ்சு யாரும் இதை வச்சுக் கிண்டலா பேசாதீங்க.

வேலை விஷயத்துக்கு வர்றோம். கண்ணாடி 6 மி.மீ. ஒட்டுவதற்கு வினிகர் வாசம் வர்ற சிலிக்கோன் வேண்டாம், அது பின்னாடி இருக்கிற சாயத்தை அரிக்கும். நியூட்ரல் சிலிக்கோன்தான்னு கடைக்காரரிடம் எழுதியே வாங்கியாச்சு. எட்டு அடிக்கு மூனு அடிப் பலகை ஒன்னு கிட்டத்தட்ட 33 கிலோ வரும், ஏத்தி இறக்க இளைஞர் பிரிவு நாலு பேர் பெயர் கொடுங்க.

அளவு எடுக்க ஆள் வர்றது வரும் புதன்கிழமை காலை. முன்னாடி சொன்ன மாதிரி, டெம்பர் பண்ணின பிறகு ஒரு ஆணி கூட அடிக்க முடியாது. கிரைண்டருக்குப் பிளக் எங்கே வேணும், கரண்டி மாட்டும் கம்பி எந்த உயரத்துல வேணும், தொட்டிக்குக் குழாய் இடம் மாத்தணுமா, எல்லாத்தையும் செவ்வாய்க்கிழமை ராத்திரிக்குள்ள சொல்லிடுங்க. முக்கியமா கம்பியோட உயரம். சமைக்கிற அக்காமார்கள் செவ்வாய் சாயந்திரம் ஒரு எட்டு வந்து கையைத் தூக்கிக் காட்டிட்டுப் போங்க, நாங்க சுவர்ல பென்சிலால கோடு போட்டுக்கிறோம்.