எறியப்படாத பந்து

விடத்தல்தீவிற் பிறந்தவனுக்குக் கூடைப்பந்தாட்டம் ஊர் வழி வந்த விளையாட்டன்று. மன்னார்க் கரையூர்களில் மாலையானால் இளைஞர் காலிற் புரள்வது உதைபந்தே. கூடைப்பந்துக்கோ சீமெந்துத் தளம் வேண்டும், பலகை வேண்டும், வளையம் வேண்டும். 2008 ஜூலையில் ஊர் இராணுவத்தின் வசமானதையும், இடம்பெயர்ந்தோர் பின்னாளில் மீண்டுவந்து கூரைக்கும் கிணற்றுக்கும் அலைந்ததையும் கண்ட தலைமுறைக்கு அவை எட்டாப் பொருள்கள். ஆகவே பல்கலைக்கழகத்தில் என்னை அணியிற் சேர்த்தது ஆட்டத்துக்காக அன்று, உயரத்துக்காகவே.

அவ்வணியின் நோய் விசித்திரமானது. தடுப்பாட்டத்தில் எம்மை எவரும் குறைகூறியதில்லை. பந்து எங்கள் கைக்கு வந்த பின்னரே துன்பம் தொடங்கும். ஒருவர் மற்றவருக்குக் கொடுப்பார், அவர் இன்னொருவருக்கு, அவர் மீண்டும் முதல்வருக்கு. பார்த்தோருட் சிலர் இதனை ஒற்றுமை என்று மெச்சியதும் உண்டு! உண்மையில் அங்கே கைமாறியது பந்தன்று, பழி. எறிந்து தவறவிட்டவன் என்ற பெயரை ஏற்க எவருக்கும் மனமில்லை. 24 விநாடி எல்லை முடியுந் தறுவாயில் யாருடைய கையிற் பந்து அகப்படுகிறதோ அவர் உடலைத் திருகி, எதிரணியினரின் உயர்ந்த கைகளுக்கு ஊடாக எறிவார். அது விழாது. விழாத ஒவ்வோர் எறியும் அடுத்தவனின் தயக்கத்தை வளர்க்கும்.

இதற்கு எமக்குக் கிடைத்த மருந்து அறிவுரை. தன்னம்பிக்கை வேண்டும், தன்னம்பிக்கை வேண்டும் என்று இடைவேளைதோறும் கேட்டோம். பணித்தவுடன் வந்து நிற்பதற்குத் தன்னம்பிக்கை என்ன ஏவலாளா? எங்களுள் மிகச் சிறந்த எறிகையாளன், தனிப் பயிற்சியிற் பந்து பந்தாக வளையத்துள் இறக்குபவன், போட்டியில் வளையத்தை நிமிர்ந்து பார்ப்பதையே நிறுத்திவிட்டான். ஒரு போட்டியில் எதிரே மறிப்பார் எவருமின்றி நின்றபோதுங்கூடத் திரும்பிப் பின்னாலிருந்தவனுக்குப் பந்தைக் கொடுத்தான். அன்றிரவு, அணியிலிருந்து விலகுவதாகக் கடிதம் எழுதி மேசையில் வைத்திருந்ததை அறைத் தோழன் என்ற முறையில் நான் கண்டேன்.

எங்களுக்கு வழி மட்டக்களப்பிலிருந்து வந்தது. அங்கே இவ்வாட்டத்துக்கு ஆழ்ந்த வேருண்டு. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபைத் துறவியர் புனித மிக்கேல் கல்லூரியில் அதனைப் பேணி வளர்த்தனர். வெபர் அடிகளாரின் பெயரை அந்நகரின் மைதானம் தாங்கி நிற்கிறது. கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராக விளங்கிய இயூஜின் ஹேபர்ட் அடிகளார் 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியிற் காணாமற் போனார்; அவருக்கு நேர்ந்தது இன்னும் தெளிவாகவில்லை. ஆசிரியரை இழந்தும் ஆட்டத்தை இழக்காத அவ்வூரிற் பழகிய மூத்த மாணவர் ஒருவர் எங்கள் பயிற்சியைப் பார்க்க வந்தார். மனத்தைப் பற்றி ஒரு சொல்லும் அவர் உரைக்கவில்லை. “தம்பிமார், உங்கட பந்து தாழப் போகுது” என்றார்.

அவர் சொன்னது கணிதம். வளையத்தின் உள்விட்டம் 45 சென்ரிமீற்றர். பந்தின் விட்டம் ஏறத்தாழ 24. செங்குத்தாக விழும் பந்துக்கு வளையத்தின் வாய் முழுதும் திறந்திருக்கும். 45 பாகைச் சரிவில் வரும் பந்துக்கு அதே வாய் ஏறத்தாழ 32 சென்ரிமீற்றராகச் சுருங்கும். சரிவு 32 பாகையளவுக்குத் தாழ்ந்தாலோ பந்தின் அகலமே எஞ்சும். விளிம்பிற் படாமல் உட்புக இடமிராது. அஞ்சியவன் முழங்கையை முற்றாக நீட்டுவதில்லை. பந்தை வளையத்தை நோக்கித் தள்ளுகிறான். பந்து தாழ்ந்து செல்கிறது. அவனுடைய அச்சமே வளையத்தைச் சிறிதாக்கிவிடுகிறது.

இதைக் கேட்டபோது எனக்கு எங்களூர்க் கண்டற் கரையும், முழங்காலளவு நீரில் வீச்சுவலையோடு நிற்கும் என் மாமனும் நினைவுக்கு வந்தனர். வீச்சுவலை முழு வீச்சில் எறிந்தாலன்றி வட்டமாக விரியாது. மீன் இருக்குமோ இராதோ என்று எண்ணிக்கொண்டு நான் வீசிய வலை ஒரு பொதியாக நீரில் விழும். “ரெண்டு மனமா வீசினா வலை சுருண்டுதான் விழும், மகன்” என்பார். அவருடைய வலையும் பலமுறை வெறுமையாகவே வரும். ஆயினும் வெறும் வலைக்குப் பிந்திய வீச்சுக்கும் நிறைந்த வலைக்குப் பிந்திய வீச்சுக்கும் அவர் தோளில் வேற்றுமை காணமுடியாது.

கணிதம் மாத்திரம் போதுமாயின் உலகில் எறிகை தவறுவோர் அருகியிருப்பர். வில்ட் சேம்பர்லேன் 1962 மார்ச் 2இல் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி பெற்றபோது, தண்டனை எறிதல்கள் 32இல் 28ஐ வளையத்துள் இட்டார். இரு கைகளாலும் கீழிருந்து வீசும் முறையை அக்காலத்தில் அவர் கையாண்டார். பின்னர் அதனைக் கைவிட்டார். அப்படி எறிவது தமக்கு ஆண்மைக்கு இழுக்காகத் தோன்றியது எனத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். பயன் கண்ட முறையையே வெட்கம் வென்றுவிட்டது.

மட்டக்களப்பு மூத்தவர் இதனை நன்கறிந்தவர் போலும். பயிற்சிக்கு அவர் ஒரு விதி வகுத்தார்: எறிந்து தவறியவனுக்குத் தண்டனையில்லை, மறிப்பாரற்ற நிலையில் எறியாமற் பந்தைக் கைமாற்றியவன் தளத்தை ஐந்து முறை சுற்றி ஓடவேண்டும். பழி இடம் மாறிவிட்டது. முதல் வாரம் எங்கள் எறிகையாளன் ஓடிக்கொண்டேயிருந்தான். இரண்டாம் வாரம் ஓடிக் களைத்ததனாலோ என்னவோ, எறியத் தொடங்கினான். சிறந்த எறிகள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் உயர்ந்து சென்றன.

அடுத்த போட்டியில் அவனுடைய முதல் மூன்று எறிகளும் தவறின. பார்வையாளர் பகுதியில் நகைப்பொலி எழுந்தது. நான்காம் முறையும் அணித்தலைவர் அவனையே தேடிப் பந்தைக் கொடுத்தார். அவன் ஒருகணம் அதனைக் கையில் வைத்திருந்தான். பின்னர் எறிந்தான்; அது வலையை மட்டுமே தொட்டு இறங்கியது. ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். ஆனால் அன்று 24 விநாடி எல்லை ஒருமுறையேனும் எங்களைத் துரத்தவில்லை.

கடிதத்தைக் கிழித்தானா என்று நான் கேட்கவில்லை. மறுநாட் காலை நான் தளத்துக்குச் சென்றபோது அவன் எனக்கு முன்னரே வந்து வளையத்தின் கீழ் நின்றிருந்தான். பந்து அறையின் திறப்பு இன்னும் வந்து சேரவில்லை.