ஊர் வாயும் உடல்நலமும்

நடப்பதற்கென்றே அமைந்தது போன்ற நகரம் புதுச்சேரி. நூல் பிடித்தாற்போன்ற நேரான வீதிகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. கிழக்கு நோக்கிச் செல்லும் வீதிகளின் முடிவில் கடல் தோன்றுகின்றது. கரையை ஒட்டிய கடற்கரைச் சாலை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுடையது. மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 மணி வரை அங்கே வண்டிகள் செல்வதில்லை. 1836-ஆம் ஆண்டில் ஒளியேற்றப்பெற்ற பழைய கலங்கரை விளக்கத்தையும், காந்தியடிகளின் சிலையையும் கடந்து, வைகறையில் பலர் அங்கே உலவுகின்றனர்.

வழி இருந்தால் மட்டும் போதுமா? நடக்க மனமும் வேண்டும். அம்மனத்தைத் தளர்த்தாத அயலாரும் வேண்டும். 'உலை வாயை மூடலாம். ஊர் வாயை மூட முடியுமா?' என்பது பழமொழி அன்றோ?

அந்நகரின் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, திண்ணை வைத்த வீடுகள் உள்ள தெரு ஒன்றில், ஐம்பது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் வாழ்ந்துவந்தார். அவருக்கு நீரிழிவு கண்டது. மருந்தோடு நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடத்தலும் வேண்டும் என்றார் மருத்துவர். அம்மையார் புடைவையை இழுத்துச் செருகி, துணிக்காலணி அணிந்து வெளியே வந்தார். எதிர்த் திண்ணையில் செய்தித்தாளும் கையுமாக வீற்றிருந்த பெரியவர், “என்ன அம்மா, எந்தப் பந்தயத்திற்குப் புறப்பாடு?” என்றார். அருகிருந்தோர் நகைத்தனர். “வீட்டு வேலையில் இல்லாத நடையா?” என்றது மற்றொரு குரல்.

மறுநாள் அவர் கையில் அருச்சனைத் தட்டு இருந்தது. மணக்குள விநாயகர் கோயிலுக்குச் செல்பவரைப் போல நடந்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை! தேங்காயும் பூவும் கண்ட கண்களுக்கு, அதே கால்களின் அதே நடை நகைப்பிற்கு உரியதாகத் தோன்றவில்லை. பல திங்கள் அத்தட்டே அவருக்குக் கேடயமாயிற்று.

இதற்கிடையில், எதிர்த் திண்ணைப் பெரியவரின் பாதத்தில் ஒரு சிறு புண் உண்டாயிற்று. அது ஆறவேயில்லை. மருத்துவமனை சென்றபோதுதான், தம்மையும் நீரிழிவு பற்றியிருப்பதை அவர் அறிந்தார். இரண்டு விரல்களை இழந்து வீடு திரும்பினார். அதை அறிந்த அம்மையார் மகிழவில்லை, மனம் நைந்தார். அடுத்த நாள் விடியலில் தட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு, வெறுங்கையுடன் தெருவில் இறங்கினார். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பெரியவரின் மனைவி வாயிற்படியில் நின்று, “அக்கா, நானும் வரட்டுமா?” என்று மெல்லக் கேட்டார். திண்ணையிலிருந்த பெரியவர் தலைகுனிந்து, “போய் வாருங்கள்” என்றார்.

நீரிழிவு அவ்விரு வீடுகளோடு நின்ற நோய் அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் அந்நோய் உடையவர் எனக் கணக்கிட்டது. புதுச்சேரியில் வயதுவந்தோருள் நூற்றுக்கு 26 பேர் அத்தகையோர். நடக்கும்போது தசைகள் குருதியிலுள்ள சருக்கரையை எடுத்துப் பயன்படுத்துகின்றன. அதனால் அதன் அளவு தணிகின்றது. வாரத்திற்கு 150 நிமிடமேனும் விரைந்து நடத்தல் போன்ற உடற்பயிற்சி பெரியவர்களுக்கு வேண்டும் என உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகின்றது. சிறுவர்க்கோ நாள்தோறும் சராசரி 60 நிமிடம் வேண்டும்.

மாணவர்களே! நம் முன்னோர் திண்ணை அமைத்தது எதற்காக? வழி நடந்து களைத்தவர் அமர்ந்து இளைப்பாறுவதற்காக. நடப்பவருக்கு நிழல் தந்த அவ்விடத்திலிருந்து நடப்பவரை எள்ளும் சொல் எழலாமா? நல்ல சாலையை அரசு அமைத்துத் தரலாம். அதில் அச்சமும் நாணமும் இன்றி ஒருவர் நடப்பதற்கு உரிய தெருவை அயலாரே அமைத்தல் வேண்டும். நாளை விடியலில் உங்கள் தெருவில் ஒருவர் நடக்கப் புறப்பட்டால், நகையாது வழிவிடுங்கள். இயலுமாயின் உடன் நடந்து செல்லுங்கள்.